தேறிய குட்டியை மட்டும் எண்ணினால் போதுமா?

1996 ஜூலை 5ம் தேதி ஸ்காட்லாந்தில், ரோஸ்லின் ஆராய்ச்சிக் கூடத்தில் ஓர் ஆட்டுக்குட்டி பிறந்தது. டாலி என்று பெயரிட்டார்கள். கிடா சேராமல் பிறந்த குட்டி அது. ஓர் ஆட்டின் மடியிலிருந்து உயிரணுவை எடுத்து, மற்றோர் ஆட்டின் கருமுட்டைக்குள் புகுத்தி, வேறோர் ஆட்டின் வயிற்றில் வளர்த்தார்கள். முதல் ஆட்டை அச்சில் வார்த்தது போலக் குட்டி பிறந்தது. இதற்குத்தான் குளோனிங் என்று பெயர்.

இது விஞ்ஞானத்தின் பெரும் சாதனை. அதை நாம் மறுக்கவில்லை. ஆராய்ச்சியே பாவம் என்று கூச்சலிடுவோருடன் நாம் சேரவும் இல்லை. ஆனால் ஒரு கணக்குக் கேட்கிறோம்.

277 கருமுட்டைகளில் முயன்றார்கள். 29 கருக்கள் தேறின. அவற்றை 13 ஆடுகளின் வயிற்றில் வைத்தார்கள். உயிரோடு பிறந்தது ஒன்றே ஒன்று! உலகப் பத்திரிகைகள் அந்த ஒன்றைத்தான் படம் பிடித்துப் போட்டன. மற்ற ஆடுகளின் கதையை யார் கேட்டார்கள்?

பசுவிடம் செய்யும்போது வேதனை இன்னும் அதிகம். குளோன் கன்று வயிற்றிலேயே அளவுக்கு மீறிப் பருத்துவிடுவதுண்டு. அப்போது தாயின் வயிற்றைக் கீறித்தான் கன்றை எடுக்க வேண்டும். பிறந்த பிறகும் மூச்சுத் திணறி மடியும் கன்றுகள் பல. நடுச்சாமத்தில், ஈன முடியாமல் தவிக்கும் பசுவின் பக்கத்தில் கண்விழித்திருந்த விவசாயத் தொழிலாளிக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

நம் நாட்டிலும் இந்த வேலை நடக்கிறது. ஹரியானாவில் கர்னால் நகரிலுள்ள தேசிய பால்வள ஆராய்ச்சி நிறுவனத்தில் 2009 பிப்ரவரியில் பிறந்த குளோன் எருமைக் கன்று சில நாட்களிலேயே இறந்தது. 2010ல் பிறந்த கரிமா-2 வளர்ந்து, 2013ல் தானே கன்று ஈன்றது. முன்னேற்றம்தான், வரவேற்கிறோம். ஆனால் தேறிய கன்றுக்குப் பெயர் சூட்டுவது போல, தேறாதவற்றுக்கும் கணக்கு வேண்டும்.

2008 ஜனவரியில் அமெரிக்க சர்க்காரின் உணவு, மருந்து நிர்வாகம், குளோன் மாட்டின் பாலும் இறைச்சியும் உண்ணத் தக்கவை என்று கூறியது. கம்பெனிகளுக்கு அது போதும். நமக்குப் போதாது. ஆலையிலிருந்து வரும் துணி நல்ல துணியா என்று மட்டும் பார்த்தால் ஆயிற்றா? அதை நெய்கையில் எத்தனை பேர் விரல் போயிற்று என்று பார்க்க வேண்டாமா? அதே ஆண்டில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு, குளோன் கால்நடைகளில் கணிசமானவை கடும் நோய்க்கும் சாவுக்கும் ஆளாவதைச் சுட்டிக் காட்டியது. 2015ல் ஐரோப்பியப் பாராளுமன்றம் பண்ணைக் கால்நடைகளைக் குளோன் செய்யத் தடை வேண்டும் என்று வாக்களித்தது.

ஆராய்ச்சி நடக்கட்டும். ஆனால் சிதைந்த கரு, செத்த கன்று, அறுபட்ட தாய் அத்தனையும் பகிரங்கமாகப் பதிவாக வேண்டும். இந்தச் சாவுகள் குறையும் வரை லாபத்துக்காக இதைச் செய்ய அனுமதிக்கக் கூடாது.

வாயில்லா ஜீவன் சங்கம் வைக்காது, மனுக் கொடுக்காது. அதற்காக யார் பேசுவது? அதனோடு சேர்ந்து உழைக்கும் நாம்தான் பேச வேண்டும்.