மறந்தோரை மறவாதிருப்போம்

கோயிலுக்கு எடுத்துச் சென்ற குடையை மறந்து வருதல் முதுமைக்கு இயல்பு. நாள்தோறும் நடந்த கோயில் வழியையே மறத்தல் நோயின் குறி. டிமென்சியா எனப்படும் அந்நோய் மூளைக் கேட்டினால் வருவது, பித்துமன்று, பிடிவாதமுமன்று. அதன் முதன்மை வகையை 1906ஆம் ஆண்டில் ஜேர்மனிய மருத்துவர் அலொய்ஸ் அல்சைமர் எடுத்துரைத்தார். முற்றாக மாற்றும் மருந்து இன்றுமில்லை. ஆதலின் பராமரிப்பே பெருமருந்து.

நம் தீவகத்தில் 1990, 1991ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வால் வீடுகள் வெறுமையாயின. பிள்ளைகள் பலர் கடல் கடந்தனர். துணையற்ற முதியோர்க்குக் கைதடி முதியோர் இல்லம் போன்றனவே புகலிடம்.

அத்தகைய இல்லமொன்றில் நெடுந்தீவு முதியவர் ஒருவர் மாலைதோறும் வாயிலுக்கு வந்து, "குமுதினி வந்துவிட்டதா?" என வினவுகின்றார் எனக் கொள்வோம். "இங்கே படகேது?" எனக் கடிந்தால் அவர் கலங்குவார். அது குறிகட்டுவானுக்கு ஓடிய படகென அறிந்தவரோ, "இன்று கடல் எப்படி, ஐயா?" என்று அருகமர்வார், கலக்கம் தணியும். அண்மை நினைவு முன்னே அழிய, இளமை நினைவு நெடுநாள் நிற்குமன்றோ!

எனவே நாம் வேண்டுவது ஒன்றே. இல்லத்திற் சேர்க்கும் நாளிலேயே ஊர், தொழில், வீட்டில் அழைக்கும் பெயர், விரும்பும் தேவாரம், உணவு ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தல் வேண்டும். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் பழைய மாணவர்காள், அப்பக்கத்தையும் அனுப்புங்கள். மாணவர்காள், அத்தேவாரத்தைச் சென்று பாடுங்கள். அவர்கள் நம்மை மறக்கலாம். நாம் அவர்களை மறத்தல் தகாது.