கோதுமையை நிறுத்தும் முன்...

வயிற்று உப்புசம், அடிக்கடி பேதி, இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ஏறாத ஹீமோகுளோபின், காரணம் தெரியாமல் குறையும் எடை. இப்படி ஆண்டுக்கணக்கில் அலைந்த ஒருவருக்குக் கடைசியில் ஒரு மருத்துவர் "சீலியாக் நோயாக இருக்கலாம்" என்று சொல்லி இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுக்கிறார். ரிப்போர்ட் வருகிறது. நோய் இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அளவு எல்லைக்கோட்டில் நிற்கிறது. சரி என்று எண்டோஸ்கோப்பியும் செய்தாகிவிட்டது. அங்கேயும் அதே கதைதான்: "லேசான மாற்றம் தெரிகிறது, உறுதியாகச் சொல்ல முடியாது."

அன்று இரவே வீட்டில் ஒரு முடிவு எடுக்கப்படுகிறது. "எதுக்கு வம்பு? கோதுமையை நிறுத்திப் பாக்கலாம். சரியாப் போச்சுன்னா அதுதான் நோய்!"

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. செலவில்லை, ஊசியில்லை, குழாய் விழுங்க வேண்டியதில்லை. ஆனால் பரிசோதனைகள் முடியும் முன் கோதுமையை நிறுத்துவதுதான் இந்த நோயில் பலர் செய்யும் பெரிய தவறு. ஏனென்றால், இருக்கிற குழப்பத்தைத் தீர்க்கும் வழியையே அது அடைத்துவிடுகிறது.

சீலியாக் என்பது என்ன?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதத்துக்குக் குளூட்டன் என்று பெயர். சப்பாத்தி மாவு பிசையும்போது இழுத்தால் இழுபடுகிறதே, அந்தப் பசைத்தன்மை இதனால் வருவதுதான். சீலியாக் நோய் உள்ளவர் இதைச் சாப்பிட்டால், உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சிறுகுடலையே தாக்கத் தொடங்குகிறது. குடலின் உட்சுவரில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடும். அதன் பிறகு என்ன சாப்பிட்டாலும் சத்து உடம்பில் ஒட்டாது. இரத்தசோகை, எலும்புத் தேய்மானம், குழந்தைகளுக்கு வளர்ச்சிக் குறைவு என்று விளைவுகள் தொடரும். இதற்கு மருந்து கிடையாது. வாழ்நாள் முழுவதும் குளூட்டனைத் தவிர்ப்பதுதான் ஒரே வழி.

இது வடநாட்டு நோய் என்ற எண்ணம் தமிழகத்தில் உண்டு. அதில் பாதி உண்மை. 2016ல் வெளியான, 23,000க்கும் அதிகமானோரைப் பரிசோதித்த இந்திய ஆய்வு ஒன்றில், இந்த நோய்க்கான எதிர்ப்புப்பொருள் வட இந்தியாவில் 1.23 சதவீதம் பேரிடமும் தென்னிந்தியாவில் 0.10 சதவீதம் பேரிடமும் இருந்தது. ஆனால் நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில், மூன்றில் ஒருவருக்கும் சற்று அதிகமானோரிடம் இருந்தது. பெரிய வித்தியாசம் தட்டில்தான். வடக்கே நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை, தெற்கே 25 கிராம். சர்க்கரை நோய்க்காக இரவில் சப்பாத்தி, காலையில் கோதுமை ரவை, மாலையில் பிஸ்கெட், வார இறுதியில் பரோட்டா என்று தமிழகத்துத் தட்டும் இப்போது மாறி வருகிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

ஏன் தெளிவான பதில் வருவதில்லை?

முதலில் செய்யப்படும் இரத்தப் பரிசோதனை, டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்புப்பொருளை அளப்பது. நல்ல பரிசோதனைதான். ஆனால் அது தடுமாறும் இடங்கள் சில உண்டு.

ஒன்று, சிலருக்கு உடலில் ஐ.ஜி.ஏ. என்ற வகையே பிறவியில் குறைவாக இருக்கும். சீலியாக் நோயாளிகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் இப்படி. அவர்களுக்கு நோய் முற்றியிருந்தாலும் ரிப்போர்ட் 'நார்மல்' என்றே வரும். அதனால் மொத்த ஐ.ஜி.ஏ. அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குறைவாக இருந்தால் ஐ.ஜி.ஜி. வகைப் பரிசோதனை செய்ய வேண்டும்.

இரண்டு, எண்டோஸ்கோப்பி. குடல் பாதிப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. திட்டுத் திட்டாக இருக்கும். ஒன்றிரண்டு துணுக்குகள் மட்டும் எடுத்தால் பாதிப்பில்லாத இடமே கையில் கிடைக்கலாம். முன்சிறுகுடலின் தொடக்கத்தில் ஒன்றிரண்டும், அதைத் தாண்டி நான்காவதும் எடுக்க வேண்டும் என்பது பொதுவான விதி.

மூன்று, லேசான மாற்றம் தெரிந்தால் அது சீலியாக்தான் என்று அர்த்தமில்லை. வயிற்றுப் புண் கிருமியான எச். பைலோரி, வலி மாத்திரைகள், ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி ஆகியவையும் அதே போன்ற மாற்றத்தைத் தரலாம். தென்னிந்தியாவில் இன்னொன்றும் உண்டு: டிராபிகல் ஸ்ப்ரூ. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்த நோய் இது. குடலின் தோற்றத்தில் சீலியாக்கை ஒத்திருக்கும். ஆனால் ஃபோலிக் அமிலமும் சில மாத ஆன்டிபயாடிக் மருந்தும் கொடுத்தால் குணமாகக் கூடியது!

நான்கு, எல்லாவற்றிலும் முக்கியமானது. இந்தப் பரிசோதனைகள் எல்லாம் குளூட்டன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் உடம்பில்தான் வேலை செய்யும். அதை நிறுத்தினால் எதிர்ப்புப்பொருள் குறையத் தொடங்கும், குடலும் மெல்ல ஆறும். பிறகு எடுக்கும் பரிசோதனை 'நார்மல்' என்று வந்தால், நோய் இல்லாததாலா, கோதுமை இல்லாததாலா என்று யாராலும் சொல்ல முடியாது. பரிசோதனைக்கு முன் குறைந்தது ஆறு வாரம், தினமும் ஒரு வேளைக்கு மேல் குளூட்டன் உணவு சாப்பிட வேண்டும் என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் சொல்கிறது. இட்லியும் சோறுமாக வாழ்ந்து வாரம் ஒருமுறை மட்டும் சப்பாத்தி சாப்பிடும் ஒருவருக்கு வந்த எல்லைக்கோட்டு ரிப்போர்ட்டை இந்தக் கணக்கோடுதான் படிக்க வேண்டும்.

வாழைப்பழம் சொல்லும் பாடம்

"பரிசோதனை எதற்கு? நிறுத்தினால் உடம்பு தேறுகிறதே, அது போதாதா?" என்று கேட்கலாம். போதாது என்பதற்கு இந்த நோயின் வரலாறே சாட்சி.

1924ல் நியூயார்க் குழந்தை மருத்துவர் சிட்னி ஹாஸ், சீலியாக் குழந்தைகளை வாழைப்பழ உணவால் தேற்றியதாக எழுதினார். குழந்தைகள் உண்மையாகவே தேறினார்கள். பல பத்தாண்டுகள் வாழைப்பழமே மருந்தாக நம்பப்பட்டது. ஆனால் அந்த உணவுமுறையில் ரொட்டியும் தானியங்களும் விலக்கப்பட்டிருந்தன. குணமாக்கியது தட்டில் இருந்த பழமல்ல, தட்டில் இல்லாத ரொட்டி! அதை அறியாமல், குணமாகிவிட்டது என்று ரொட்டிக்குத் திரும்பியவர்களை நோய் மறுபடி பிடித்தது.

நெதர்லாந்து மருத்துவர் வில்லெம் டிக்கே வேறு விதமாகச் செய்தார். கோதுமையை நீக்கினார், திரும்பக் கொடுத்தார், ஒவ்வொரு முறையும் மலத்தில் வெளியேறும் கொழுப்பை அளந்து பார்த்தார். 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காதபோது இந்தக் குழந்தைகள் தேறியதும், ரொட்டி வந்ததும் மீண்டும் நலிந்ததும் அவர் எண்ணத்துக்கு வலு சேர்த்ததாகச் சொல்லப்படுகிறது. 1950ல் தன் ஆய்வேட்டில் கோதுமைதான் காரணம் என்று நிறுவினார்.

இருவருமே குழந்தைகள் தேறியதைப் பார்த்தவர்கள்தான். ஒருவர் தேறியதோடு நிறுத்திக்கொண்டார். மற்றவர் திரும்பக் கொடுத்துச் சோதித்தார். கோதுமையை நிறுத்தி "சரியாயிடுச்சு" என்று சொல்லும் ஒவ்வொரு வீடும் ஹாஸ் செய்த தவற்றைத்தான் செய்கிறது.

இன்றைக்கும் இது பொருந்தும். நார்வேயில் நடந்து 2018ல் வெளியான ஆய்வில், சீலியாக் இல்லாமலே குளூட்டன் ஒத்துக்கொள்ளவில்லை என்று நம்பிய 59 பேருக்கு எது என்று சொல்லாமல் குளூட்டன், ஃபிரக்டன், இரண்டும் இல்லாத வெற்று உணவு ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். அதிகத் தொல்லை தந்தது ஃபிரக்டன். குளூட்டனுக்கும் வெற்று உணவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசமில்லை. ஃபிரக்டன் என்பது கோதுமையிலும் இருக்கும் ஒரு மாவுச்சத்து வகை. வெங்காயத்திலும் பூண்டிலும்கூட உண்டு. அப்படிப்பட்டவர் சப்பாத்தியை மட்டும் விட்டுவிட்டுச் சின்ன வெங்காய சாம்பாரைத் தொடர்ந்தால் பாதிதான் சரியாகும்.

தெரியாமல் இருப்பதன் விலை

நோய் உண்மையிலேயே இருந்து, அது உறுதியாகவில்லை என்றால் என்ன ஆகும்? "நமக்கென்ன, லேசா ஒத்துக்கலை, அவ்வளவுதான்" என்ற நினைப்பு வரும். கல்யாண வீட்டில் ஒரு துண்டு ரவா கேசரி, நண்பர்களோடு பாதி பரோட்டா. வயிறு வலிக்காமல் இருக்கலாம், ஆனால் குடல் உள்ளே தேய்ந்துகொண்டிருக்கும். நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளுக்கு இது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். பெயர் வைக்கப்படாத நோய்க்காக அவர்களை யாரும் பரிசோதிக்கப் போவதில்லை.

நோய் இல்லாமல் இருந்தால்? வாழ்நாள் முழுவதும் வீண் பத்தியம். அதைவிட மோசம், குணப்படுத்தக்கூடிய வேறொரு நோய் அந்தப் பத்தியத்தின் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

கோதுமையை நிறுத்தாமல் இருக்கும்போதே, குடல் நோய் நிபுணரிடம் விட்டுப்போன பரிசோதனைகளை முடிக்க வேண்டும். தேவைப்பட்டால் சில மாதம் கழித்து இரத்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்யலாம். திசுத் துணுக்கை அனுபவமுள்ள இன்னொரு நிபுணரிடம் காட்டலாம். ஏற்கெனவே நிறுத்திவிட்டவர்களுக்கு மரபணுப் பரிசோதனை உதவும். அது உணவைப் பொறுத்தது அல்ல. டி.கியூ.2, டி.கியூ.8 இரண்டும் இல்லை என்றால் சீலியாக் அநேகமாக இல்லவே இல்லை. ஆனால் இருந்தால் நோய் உண்டு என்று அர்த்தமில்லை. நோயில்லாத பலரிடமும் அது உண்டு.

"வலியில் துடிப்பவரை இன்னும் ஆறு வாரம் கோதுமை சாப்பிடச் சொல்வது கொடுமையில்லையா?" நியாயமான கேள்விதான். குறைந்த அளவில், குறைந்த நாட்களில் முடிக்கவும் வழி உண்டு: தினம் மூன்று கிராம் குளூட்டன், அதாவது ஏறக்குறைய ஒன்றரைத் துண்டு ரொட்டி, இரண்டு வாரம் என்ற முறையையும் மருத்துவர்கள் கையாள்கிறார்கள். மிகவும் நலிந்தவர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் எது தகும் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆறு வாரம் பெரிதுதான். ஆனால் தெரியாமலே கழியும் அறுபது வருடம் அதைவிடப் பெரிது.

எல்லாம் முடிந்தும் பதில் தெளியவில்லை என்றால், அப்போது பத்தியத்தைச் சோதனையாகவே செய்யலாம். தொடங்கும் முன் எடை, ஹீமோகுளோபின், தினசரித் தொல்லைகள் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். ஆறு வாரமாவது முழுமையாக இருக்க வேண்டும். முடிவில் மருத்துவர் ஆலோசனையோடு திரும்பச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

முழுமையாக என்றால் முழுமையாகத்தான். அரிசி, கேழ்வரகு, கம்பு, தினை, சாமை எல்லாம் உள்ள ஊரில் இது எளிது. விலையுயர்ந்த தனி உணவுகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் ஒளிந்திருக்கும் கோதுமையைக் கவனிக்க வேண்டும். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருப்பது வழக்கம். ரவையும் சேமியாவும் கோதுமைதான். மால்ட் பானங்களில் பார்லி. சோயா சாஸில் கோதுமை. கோதுமை அரைத்த மில்லில் அடுத்து அரைத்த கேழ்வரகு மாவிலும் அது ஒட்டி வரும். பாக்கெட் உணவில் 'குளூட்டன் ஃப்ரீ' என்று போட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது இந்திய விதி. அதைப் பார்த்து வாங்கலாம்.

உணவே மருந்து என்பது சரிதான். ஆனால் எந்த மருந்தையும் என்ன நோய்க்கு என்று தெரிந்துகொண்டு சாப்பிடுவதுதான் முறை. எல்லைக்கோட்டில் வந்த ரிப்போர்ட்டை முடிவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. விசாரணை இன்னும் முடியவில்லை என்றுதான் அதற்குப் பொருள். அது முடியும்வரை கோதுமைக்குத் தண்டனை கொடுக்க வேண்டாம்!