எல்லாமே ‘குறைதல்’ தானா?

போன ஞாயிறு பேத்தி ஆங்கிலப் பாடத்தோடு வந்து உட்கார்ந்தாள். எப், வேன், சப்சைட், ரிசீட், ட்விண்டில் என்று ஐந்து சொற்கள். அவளுடைய கையேட்டில் ஐந்துக்கும் ஒரே பொருள் போட்டிருந்தது: குறைதல். “அப்புறம் எதுக்குத் தாத்தா அஞ்சு வார்த்தை?” என்றாள். நியாயமான கேள்வி.

நம் காரைக்காலை வைத்தே சொல்லிக் கொடுத்தேன். அரசலாற்று முகத்துவாரத்தில் தினமும் இரண்டு முறை தண்ணீர் ஏறி வற்றுகிறதே, அந்த வற்றம்தான் எப். பௌர்ணமி கழிந்து நிலா தேய்வது வேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் வயலில் நின்ற வெள்ளம் வடிவது சப்சைட். கடல் உள்வாங்குவது ரிசீட். 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்த பிறகு, இங்கே பிரெஞ்சு பேசுகிறவர்கள் அருகி வருவது ட்விண்டில்.

வற்றிய தண்ணீர் சுமார் ஆறு மணி நேரத்தில் திரும்ப ஏறிவிடும். தேய்ந்த நிலா அமாவாசை கழிந்தால் வளரும். அருகிப்போனது தானாகத் திரும்பாது. ‘குறைதல்’ என்ற ஒரே சொல்லில் இந்த வித்தியாசம் தெரியுமா?

பேத்தி என் தலையைப் பார்த்து, “இது ரிசீட் தானே தாத்தா?” என்றாள். ஆமாம், ஆங்கிலத்தில் முடி பின்வாங்குகிறது. தமிழில் நெற்றி ஏறுகிறது. சிரித்துவிட்டோம்.

ஆனால் இது சிரிப்போடு போகிற விஷயமில்லை. 2004 டிசம்பர் 26 அன்று தாய்லாந்துக் கரையில் கடல் முதலில் உள்வாங்கியது. என்னவென்று புரியாமல் வேடிக்கை பார்க்க இறங்கியவர்களும் உண்டு. நம் கரையில் அலை முதலிலேயே ஏறி வந்தது; அந்த எச்சரிக்கைகூட நமக்குக் கிடைக்கவில்லை. வற்றம் என்பது அன்றாடம் நடப்பது. திடீரென்று உள்வாங்கினால் மேட்டுக்கு ஓட வேண்டும். இரண்டையும் “தண்ணி குறைஞ்சிருக்கு” என்று சொல்லி வளர்த்தால், பிள்ளை நண்டு பிடிக்கத்தான் போகும்.

கையேடு போடுகிறவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. காய்ச்சல் தணியும், வீக்கம் வடியும், பார்வை மங்கும் என்று நம் தாய்மார்கள் பேசினார்கள். நாம்தான் எல்லாவற்றுக்கும் ‘குறைஞ்சிடுச்சு’ என்கிறோம். பேரப்பிள்ளைகளிடம் பேசும்போதாவது அந்தந்தச் சொல்லை அந்தந்த இடத்தில் சொல்லுங்கள். இவையும் அருகிப்போனால் தானாகத் திரும்பி வராது.