வண்டி நம்முது, புத்தகம் யாருது?

போடிமெட்டு ரோட்டில் ஒரு வண்டி நின்றுபோன கதையிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் காலனித் தம்பி ஒருவன், ஏலத்தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போகிறவன். ஜீப்பில் ஆட்டை அடைக்கிற மாதிரி அடைத்துக்கொண்டு போவது பிடிக்காமல் தவணையில் பைக் எடுத்தான். ஒருநாள் வெள்ளென மலை ஏறும்போது மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்தது. ரெண்டு வளைவு தாண்டியதும் எஞ்சின் அணைந்தது. உதைத்துப் பார்த்தான், உருட்டிப் பார்த்தான், எடுக்கவில்லை. அன்றைய கூலி போச்சு. சரக்கு ஆட்டோவில் ஏற்றிக் கீழே கொண்டுவந்த வாடகை தனி. கம்பெனி சர்வீஸ் சென்டரில் ரெண்டு நாள் போட்டு வைத்துவிட்டு பில்லை நீட்டினார்கள். 'என்னண்ணே கோளாறு?' என்று கேட்டிருக்கிறான். 'அதெல்லாம் கம்ப்யூட்டர்ல பாக்குறது, சொன்னா ஒனக்குப் புரியாதுப்பா' என்று பதில். உள்ளே வேலை பார்க்கிற பையன் ஒருத்தன் பின்னாலேயே வந்து சொன்னான்: 'ஒரு ஒயர் சாக்கெட் கழண்டிருந்துச்சுண்ணே. அழுத்தி விட்டோம். அம்புட்டுதான்.'

'ஒனக்குப் புரியாது' என்கிற இந்தப் பேச்சு நமக்குப் புதுசா தோழர்களே? வேதத்தைக் காதால் கேட்கக்கூடாது என்றவன் சொன்னதும் இதுதான். பள்ளிக்கூடத் திண்ணையில் ஏற்றாதவன் சொன்னதும் இதுதான். இப்போது சட்டையில் கம்பெனிப் பெயர் தைத்துக்கொண்டு ஒருத்தன் சொல்கிறான். சொல்கிறவன் எந்தச் சாதி என்பதல்ல இங்கே கேள்வி. அவனே நம்மாளாகக்கூட இருக்கலாம். அறிவைப் பூட்டிவைத்துவிட்டு, பூட்டுக்கு வெளியே நிற்கிறவனைப் பார்த்து 'உனக்குப் புத்தியில்லை' என்று சொல்லுகிற அந்த முறைதான் கேள்வி.

'சாதிக் கொடுமையை எழுதவேண்டிய பக்கத்தில் ஸ்பேனரைப் பற்றி எழுத வந்துட்டானே' என்று சில தோழர்கள் முகம் சுளிக்கலாம். வண்டி என்பது நமக்கு வெறும் இரும்பு இல்லை. ஊர்த்தெருவில் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போகணும், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கணும் என்று வாழ்ந்த பாட்டன்களின் பேரப்பிள்ளைகள் நாம். 1989ல் போடிப் பக்கம் நம் சனங்கள் வெட்டப்பட்டு விரட்டப்பட்ட கதையை வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள். அதெல்லாம் பழங்கதை என்று சொல்ல முடியுமா? 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு தலித் கல்லூரி மாணவரைக் கையில் வெட்டினார்கள். புல்லட் ஓட்டிக்கொண்டு வந்ததுதான் குற்றம் என்று அந்தக் குடும்பம் புகார் சொன்னது. மூன்று பேர் கைதானார்கள். வண்டி ஓட்டுகிற உரிமைக்கே ரத்தம் சிந்தவேண்டிய நாட்டில், வண்டி நடுவழியில் எந்தத் தெரு முன்னால் நிற்கிறது என்பதும், அதை அங்கேயே நாமே கிளப்ப முடியுமா என்பதும் நமக்குச் சின்ன விஷயம் இல்லை.

இப்போ புத்தகத்துக்கு வருவோம். வண்டி வாங்கும்போது ஒரு கையேடு கொடுக்கிறார்கள். அதில் என்ன இருக்கிறது? ஹெல்மெட் போடு, ஆயில் அளவு பார், டயரில் காற்றுப் பார், மற்ற எல்லாத்துக்கும் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்கு வா. இதுக்குப் பெயர் ஓட்டுகிறவனுக்கான புத்தகம். இன்னொரு புத்தகம் இருக்கிறது. அதுக்குப் பெயர் சர்வீஸ் மானுவல். எந்த போல்ட்டை எவ்வளவு முறுக்கணும், வால்வு இடைவெளி எத்தனை, எந்த நிற ஒயர் எங்கே போகிறது, மஞ்சள் விளக்கு எத்தனை தடவை சிமிட்டினால் எந்தக் கோளாறு, எதை முதலில் கழற்றி எதைக் கடைசியில் மாட்டணும் எல்லாம் அதில்தான் இருக்கிறது. அது டீலருக்குப் போகும். வண்டிக்குக் காசு கொடுத்தவன் கைக்கு வராது.

இதில் ஒரு போல்ட்டு கணக்கை மட்டும் எடுத்துக்குங்க. ஆயில் மாற்றுவது வீட்டு வாசலில் செய்யக்கூடிய வேலை. ஆனால் அடியில் இருக்கிற வடி போல்ட்டு அலுமினியத்தில் இறங்குகிறது. அளவு தெரியாமல் பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். மரை போனால் நூறு ரூபாயில் முடிகிற வேலை ஆயிரங்களுக்குப் போகும். 'வீட்டிலேயே கழட்டினா இப்படித்தான்' என்று அப்புறம் நம்மையே குறை சொல்வார்கள். அந்த அளவு ஒரே ஒரு எண். அதை நம்மிடம் சொல்லாமல் வைத்துவிட்டு, சொல்லாததால் வந்த சேதத்துக்கு நம்மைப் பொறுப்பாக்குகிறார்கள்.

முன்னெல்லாம் இதைச் சமாளித்தோம். டிவிஎஸ் 50க்கும் எக்ஸ்எல்லுக்கும் யாரும் புத்தகம் கேட்கவில்லை. கூடலூரிலிருந்து சின்னமனூர் வரைக்கும் வாழைத்தாரும் புல்லுக்கட்டும் சுமந்த அந்த வண்டிகளை வேப்பமரத்தடிப் பட்டறைகள்தான் உயிரோடு வைத்திருந்தன. பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்ப்பான், கார்புரேட்டரை பெட்ரோலில் கழுவி ஜெட்டை ஊதுவான், வண்டி ஓடும். காதுதான் அவனுக்குக் கருவி. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 விதி வந்தது. புகையைக் குறைக்க வந்த விதி, நல்லதுதான். சேரிப் பிள்ளைகளின் நெஞ்சுக்கும் அந்தக் காற்றுதானே. ஆனால் அதோடு கார்புரேட்டர் போய் பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர் வந்தது. சென்சார் வந்தது. எல்லாத்தையும் ஆட்டிவைக்கிற ஒரு கறுப்புப் பெட்டி வந்தது. பேட்டரி அறவே செத்துவிட்டால் பல வண்டிகள் உருட்டினாலும் எடுக்காது. கோளாறைப் படிக்க ஸ்கேனர் வேணும். அந்த ஸ்கேனர் காட்டுகிற குறிக்கு அர்த்தம் சொல்லப் புத்தகம் வேணும். காதை நம்பி வாழ்ந்த மரத்தடி மெக்கானிக் ஒரே வருசத்தில் 'படிக்காதவன்' ஆகிவிட்டான். ஸ்பேனர் பிடித்தவன் ஏட்டையும் தொட்டுவிடக்கூடாது என்பதுதானே பழைய ஏற்பாடு. சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே ஒருத்தனுக்கு மேல் ஒருத்தனாக அடுக்குகிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936லேயே விளக்கிவிட்டார். பட்டறையில் இன்றைக்கு நடப்பது அதோட இன்னொரு பதிப்பு.

சட்டம் என்ன சொல்கிறது? 2011ல் ஒரு கார் வாடிக்கையாளர் இந்தியப் போட்டி ஆணையத்துக்குப் போனார். உதிரிபாகத்தையும் பழுது பார்க்கும் விவரத்தையும் கருவியையும் கம்பெனிகள் தங்கள் டீலர்களுக்குள்ளேயே அடைத்துவைக்கின்றன என்பது புகார். 2014 ஆகஸ்டில் ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. வெளிப் பட்டறைகளுக்கும் பாகமும் கருவியும் கிடைக்க வழி செய் என்றது. வழக்கு மேல்முறையீடு என்று இழுபட்டது தனிக்கதை. நாம் பார்க்கவேண்டியது வேற. அந்தப் பட்டியலில் இருந்தது முழுக்கக் கார். நம்ம சனம் ஓட்டுகிற ரெண்டு சக்கரத்துக்காக அங்கே யாரும் நிற்கவில்லை. பிறகு 2022 ஜூலையில் ஒன்றிய அரசின் நுகர்வோர் துறை 'பழுது பார்க்கும் உரிமை' பற்றி ஒரு குழு போட்டது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டுச் சாமான், வாகனம் என்று நாலு துறையைச் சொன்னது. அதே வருசம் டிசம்பர் 24ல் ஒரு இணையதளம் திறந்தார்கள். கம்பெனிகள் விருப்பப்பட்டால் விவரம் போடலாம் என்கிற ஏற்பாடு அது. கட்டாயப்படுத்தத் தனிச் சட்டம் இல்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணம் 2012லேயே கார்களுக்குச் சட்டம் போட்டுவிட்டது. 2023ல் கொலராடோ விவசாய இயந்திரங்களுக்குச் சட்டம் போட்டது. அங்கே டிராக்டர்காரர்கள் கேட்டார்கள். இங்கே நாம் இன்னும் கேட்கவே ஆரம்பிக்கவில்லை.

கம்பெனிகள் ஒரு நியாயம் சொல்லும். பிரேக்கை, பெட்ரோல் பைப்பைத் தெரியாதவன் தொட்டால் உயிருக்கு ஆபத்து என்று. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தெரியாதவனாக வைத்திருப்பது யாரு? புத்தகம் கொடுக்கவில்லை என்பதற்காக எவனும் வண்டியைத் தொடாமல் இல்லை. தொண்ணூறு கிலோமீட்டர் போய் வருகிற கூலிக்காரன் சர்வீஸ் சென்டரில் நாள்கணக்கில் காத்திருக்க முடியாது. எப்படியும் கழற்றத்தான் போகிறான். குருட்டாம்போக்கில் கழற்றுவது ஆபத்தா, அளவு பார்த்துக் கழற்றுவது ஆபத்தா?

இப்போ நம்ம பக்கத்து அழுக்கையும் பேசணும். பட்டறைகளில் தொழில் ரகசியம் என்று ஒன்று ஓடுகிறது. பன்னெண்டு வயசில் வந்த பையனுக்கு அஞ்சு வருசம் டீ வாங்கவும் டீசலில் சாமான் கழுவவும்தான் வேலை. முக்கியமான இடத்தைக் கழற்றும்போது, 'டேய், போய் பத்தாம் நம்பர் ஸ்பேனர் எடுத்தாடா' என்று அனுப்பிவிடுகிற முதலாளி அண்ணன்களை எனக்குத் தெரியும். அவர்களில் நம்மவர்களும் உண்டு. நம்மிடமிருந்து மறைத்தவனைத் திட்டிக்கொண்டே அடுத்தவனுக்கு மறைப்பது என்ன நியாயம்? பொம்பளைப் பிள்ளைகள் கதை இன்னும் மோசம். ஸ்கூட்டர் ஓட்டி வேலைக்குப் போகிற தங்கச்சிக்கு ஏர் பில்டர் எங்கே இருக்கிறது என்று வீட்டில் எந்த அண்ணனும் காட்டித்தரவில்லை. குறளின் ஓலைச்சுவடியை எல்லீஸ் துரை கையில் சேர்த்தது தன் பாட்டனார் கந்தப்பன் என்று அயோத்திதாசப் பண்டிதர் எழுதிவைத்திருக்கிறார். அவர் ஒரு துரை வீட்டு பட்லர். கையில் கிடைத்த ஏட்டை ஊருக்குக் கொடுத்தவர்களின் வழி நம் வழி. ஒளித்துவைத்தவர்களின் வழி அல்ல.

ஆகவே என்ன செய்யலாம்? விற்கிற ஒவ்வொரு வண்டியின் சர்வீஸ் மானுவலும், ஒயர் படமும், கோளாறுக் குறிகளும் தமிழில், காசில்லாமல், பொதுவில் வைக்கப்படணும் என்று கேட்போம். பொருளைப் பற்றித் தெரிந்துகொள்வது நுகர்வோர் உரிமை என்று 2019 சட்டம் பேசுகிறதே, அந்த உரிமையை வண்டிக்கும் நீட்டச் சொல்வோம். சென்னை கிண்டியில் இருக்கிற நிமி நிறுவனம் ஐடிஐ மாணவர்களுக்குத் தமிழிலும் பாடநூல் போடுகிறது. தொழிலின் பொது அறிவு அதில் உண்டு. நம் கையில் இருக்கிற வண்டியின் அளவு அதில் இராது. அந்த இடைவெளியை நிரப்பச் சொல்லணும். தாட்கோ கடனில் பட்டறை வைக்கிற தம்பிகளுக்கு ஸ்கேனரும் அதைப் படிக்கப் பயிற்சியும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லி மனு போடணும். மனு போட்டவுடன் கிடைக்காது, அது தெரியும். மனு போடாமல் நமக்கு எதுவும் கிடைத்ததில்லை, அதுவும் தெரியும்.

கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கவும் வேண்டாம். இங்கிலாந்தில் ஜான் ஹேன்ஸ் என்று ஒருவர். 1966ல் ஒரு கார் புத்தகம் போட்டார். வண்டியை நட்டு போல்ட்டு வரை பிரித்து, ஒவ்வொரு படியையும் படம் பிடித்து, திரும்ப மாட்டி, அதையே புத்தகமாக்கியது அவர் முறை. சாதாரண ஆள் அதை வைத்து வீட்டு வாசலில் வேலை பார்த்தான். நம்மால் முடியாதா? நம் கூட்டங்களில் பிரதியைக் கட்டுடைக்கிறோம், வரலாற்றைக் கட்டுடைக்கிறோம். ஒரு எக்ஸ்எல் எஞ்சினையும் கட்டுடைத்துப் பார்ப்போமே தோழர்.

எங்கள் காலனியில் முடிவு பண்ணியிருக்கிறோம். மாதத்தில் ஒரு ஞாயிறு, படிப்பக வாசலில் ஒரு வண்டி. கழற்றத் தெரிந்தவர் கழற்றுவார். எழுதத் தெரிந்த மாணவர் ஒவ்வொரு அளவையும் நோட்டில் எழுதுவார். படம் எடுப்பது ஒரு ஆள். பொம்பளைப் பிள்ளைகள் தள்ளி நின்று பார்க்காமல் ஸ்பேனரைப் பிடிப்பார்கள். முதல் வண்டி, போடிமெட்டில் நின்ற அந்தத் தம்பியின் வண்டிதான். எந்த சாக்கெட் கழண்டது என்பதிலிருந்து நோட்டு தொடங்கும். கம்பம், உத்தமபாளையம், தேவாரம் தோழர்கள் அவரவர் காலனியில் ஒரு நோட்டு போட்டால், வருசக் கடைசியில் எல்லாத்தையும் சேர்த்து அச்சில் கொண்டுவரலாம். விலை போடவேண்டாம்.