தறி வீட்டுக்கு எது அழகு?

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு

வார இதழைப் புரட்டினாலும் சரி, கைப்பேசியைத் திறந்தாலும் சரி, ‘வீணான பொருளிலிருந்து விதவிதமான அலங்காரம்’ என்று ஒரு பகுதி தவறாமல் கண்ணில் படுகிறது. ஐஸ் குச்சியில் பூச்சாடி, காலிப் புட்டியில் மேசை விளக்கு, கொட்டாங்கச்சியில் பேனாத் தாங்கி, உடைந்த வளையலில் சுவர்ப் படம். செலவில்லை, செய்வது எளிது, பார்ப்பதற்கு அழகு என்று அடியில் எழுதியும் இருக்கும். இவற்றையெல்லாம் யார் உட்கார்ந்து செய்வது, செய்து மாட்டிய பிறகு யார் தினந்தோறும் தூசி தட்டுவது என்பதை மட்டும் எழுதுவதே இல்லை.

எங்கள் வகுப்பில் பலர் தறி வீட்டுப் பிள்ளைகள். பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் நடந்து போனவர்களுக்கு எங்கள் வீடுகளின் அமைப்பு தெரிந்திருக்கும். வெளிச்சம் நன்றாக விழும் இடம் தறிக்கு. மீதி இடத்தில்தான் சமையல், படிப்பு, படுக்கை எல்லாம். கரை ஒரு நிறமும் உடல் ஒரு நிறமுமாக வரும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் ஓடவேண்டும். அதை ஒருவரே நெய்ய முடியாது. அப்பா குழியில் காலை இறக்கி மிதியை மிதிக்க, மறுபக்கம் ஓர் ஆள் அமர்ந்து கரை நாடாவை வாங்கி விடவேண்டும். பெரும்பாலான வீடுகளில் அந்த ஆள் அம்மாதான். நடுவில் எழுந்து உலை வைக்க வேண்டும். தார் சுற்ற வேண்டும். குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்குக் குடத்தோடு நிற்க வேண்டும். இப்படிப்பட்ட வீட்டில், ‘ஓய்வு நேரத்தில் செய்து பாருங்கள்’ என்று எழுதினால் யாருடைய ஓய்வு நேரத்தைச் சொல்கிறார்கள் என்றே எங்களுக்குப் புரிவதில்லை.

ஆகவே எங்கள் கருத்து இதுதான். வேலை நிறைந்த குடும்பத்தில் சிக்கனத்தை ரூபாயில் மட்டும் கணக்கிடக் கூடாது. அம்மாவின் நேரத்திலும் கணக்கிட வேண்டும். இருபது ரூபாயில் முடிந்த அலங்காரம் வாரம் ஒரு மணி நேரத்தை விழுங்குமானால், அது எங்கள் கணக்கில் ஆடம்பரப் பொருள்!

இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் பல பொருள்கள் தாமாகவே வெளியே போய்விடுகின்றன. முதலில் போகவேண்டியது பிளாஸ்டிக் பூ. வாடாது என்று சொல்லி வாங்குகிறோம். தறி வீட்டில் பறக்கும் பஞ்சும் தூசியும் அதன் இதழ் இடுக்குகளில் புகுந்து, மூன்றே மாதத்தில் சாம்பல் நிறமாகிவிடுகிறது. கழுவினால் இலை வேறு, காம்பு வேறு. பிளாஸ்டிக் மாவிலைத் தோரணமும் அவ்வாறே. உண்மையான மாவிலை காய்ந்தாலும் மாவிலைதான்; ஒரு நூலில் கோத்துக் கட்டப் பத்து நிமிடம், அவிழ்த்து எறிய ஒரு நிமிடம். வாசலில் ஒட்டும் கோல ஸ்டிக்கரைப் பற்றி எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. காலை ஐந்து நிமிடம் மிச்சம் என்று சிலர் கட்சி கட்டினார்கள். ஓரம் கிழிந்த ஸ்டிக்கர் வருடக்கணக்காக வாசலில் கிடப்பதைவிட, நேரமில்லாத நாளில் நான்கு புள்ளிக் கோலம் போதும் என்று மற்றவர்கள் சொன்னார்கள். வாக்கெடுப்பில் புள்ளிக் கோலமே வென்றது. (தோற்றவர்கள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.)

கழித்தது போக, செய்யத்தக்கவை எவை? செலவும் குறைவு, பலனும் பெரிது என்றால் வெள்ளையடிப்பதற்கு ஈடு வேறில்லை. கல் சுண்ணாம்பை முதல் நாள் மாலையே நீரில் ஊறப் போட்டு, மறுநாள் வடிகட்டி, ஒரு சிட்டிகை நீலமும் சிறிது கஞ்சியும் கலந்தால் சுவரில் பிடிப்பாக நிற்கும். சுண்ணாம்புக் கல்லைச் சிறிது சிறிதாக நீரில் இட வேண்டும்; கல்லின் மேல் நீரைக் கொட்டக் கூடாது. கொதித்துத் தெறிக்கும், கண் போய்விடும். அந்த ஒரு வேலையைப் பெரியவர்களிடமே விட்டுவிடுவது நல்லது. வெள்ளைச் சுவர் அழகுக்கு மட்டுமன்று. கூரையிலிருந்தும் ஜன்னலிலிருந்தும் வரும் வெளிச்சத்தை அது திருப்பித் தறிமேல் அனுப்புகிறது. மயிரிழை போன்ற பட்டிழையில் அறுந்ததைத் தேடும் கண்களுக்கு இது எவ்வளவு உதவி என்பது நெய்பவர்களுக்குத் தெரியும்.

ஆனால் எப்போது அடிப்பது? போகியை ஒட்டித்தான் அடிக்க வேண்டும் என்பது வழக்கம். தறியில் பாவு இருக்கும்போது சுண்ணாம்புத் துளி பட்டால் பட்டு பாழாகிவிடும் என்ற பயத்தில், பல வீடுகளில் தறிப்பக்கச் சுவரை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அடிக்கிறார்கள். எங்களுக்குத் தோன்றும் வழி வேறு. ஒரு பாவில் வழக்கமாக மூன்று சேலைகள் நெய்கிறார்கள். மூன்றும் முடிந்து அறுத்த பின், புதுப் பாவு வந்து இழை இழையாகப் பிணைத்து முடியும் வரை தறி ஓடாது. பிணைக்கத் தொடங்குவதற்கு முன் கிடைக்கும் அந்த ஓரிரு நாள்தான் தறி வீட்டின் உண்மையான விடுமுறை. விழுதையும் அச்சையும் பழைய வேட்டியால் நன்றாகப் போர்த்திவிட்டு அன்று அடித்துவிடலாம். நாள்காட்டியில் பண்டிகை எப்போது வந்தாலென்ன!

ஓட்டு வீடானால் இன்னும் ஒன்று செய்யலாம். கூரையில் இருட்டான மூலைக்கு மேலே ஒரே ஓர் ஓட்டை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு போட்டுவிட வேண்டும். ஒருமுறைச் செலவு, பகலில் அந்த மூலைக்கு விளக்கு வேண்டாம். குறைந்த செலவில் வீடு கட்டுவதற்குப் பெயர் பெற்ற லாரி பேக்கர் என்னும் கட்டடக் கலைஞர், இங்கிலாந்தில் 1917-ல் பிறந்து திருவனந்தபுரத்தில் 2007-ல் மறைந்தவர். அவர் செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கியே ஜன்னலாக்கினார். காலிப் புட்டிகளைச் சுவரில் பதித்து வண்ண வெளிச்சம் வரவழைத்தார். அலங்காரம் என்று தனியாக ஒன்றை வாங்கி மாட்டாமல், வெளிச்சத்தையே அலங்காரமாக்கினார் என்பது எங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அதற்குத் தூசி தட்டவும் வேண்டாம்.

இனி கைவேலைக்கு வருவோம். ‘உங்கள் வீட்டில்தான் பட்டு நூலும் ஜரிகையும் கொட்டிக் கிடக்குமே, அதில் பூ செய்யக் கூடாதா?’ என்று வெளியூர்த் தோழிகள் கேட்பதுண்டு. கொட்டிக் கிடக்கும், உண்மைதான்; ஆனால் அது எங்களுடையதன்று. கூலிக்கு நெய்யும் வீட்டுக்குப் பட்டையும் ஜரிகையையும் எடை போட்டுக் கொடுக்கிறார்கள். நெய்த சேலையையும் எடை போட்டே வாங்கிக்கொள்கிறார்கள். மகளைப் பட்டுடுத்தி மணமுடித்து அனுப்ப ஆசைப்பட்டு, நூலைச் சிறிது சிறிதாக மறைத்துக் கொண்டுவரும் நெசவாளியின் கதையைத்தான் 2008-ல் வந்த ‘காஞ்சிவரம்’ திரைப்படம் காட்டுகிறது. அதைப் பார்த்த எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வெகு நேரம் பேசாமல் இருந்தார்கள். ஆகவே ஜரிகைத் துணுக்கில் பூங்கொத்து செய்யும் யோசனையைக் கேட்டவுடனேயே தள்ளிவிட்டோம். கேட்டு வாங்கியதை மட்டுமே எடுக்க வேண்டும்.

கேட்டால் எளிதில் கிடைப்பது ஜக்கார்டு அட்டை. பழக்கம் விட்டுப்போன டிசைன்களின் அட்டைகள் கட்டுக்கட்டாகப் பரண்மேல் கிடக்கும். இப்போது மின்னணு ஜக்கார்டு வந்த இடங்களில் இன்னும் அதிகம். வரிசை வரிசையாகத் துளைகள் கொண்ட அந்தக் கெட்டி அட்டைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து நூலால் தைத்து, நடுவில் ஒரு சிறிய எல்.இ.டி. விளக்கை வைத்துப் பாருங்கள். சுவரெல்லாம் புள்ளிக் கோலம்! ஐந்து மூங்கில் குச்சிச் சட்டத்தில் கட்டினால் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தயார். குடிலுக்குப் பின்னே வானமாகவும் நிறுத்தலாம். பொம்மைக்காரத் தெருவில் வாங்கிய பொம்மைகளை வைத்துக் கொலு வைக்கும் வீட்டில் படிக்குப் பின்திரையாகவும் நிறுத்தலாம். அட்டை தீப்பற்றும் பொருளாதலால், சூடேறும் பழைய குண்டு பல்பையும் மெழுகுவர்த்தியையும் அருகில் கொண்டுவரக் கூடாது. பண்டிகை முடிந்தால் மடித்துப் பரணில் வைத்துவிடலாம். இன்னொரு செய்தி: பிரான்சு நாட்டு ஜக்கார்டு 1804-ல் அமைத்த இந்தத் துளை அட்டை முறையைப் பார்த்துத்தான், ஆங்கிலேயரான பாபேஜ் 1830-களில் கணக்கிடும் எந்திரத்துக்குத் திட்டம் வரைந்தார். கணினி வகுப்பில் அவர் பெயரைப் படிக்கும்போது எங்கள் பரண் நினைவுக்கு வருகிறது.

பழைய நூல் சேலைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வங்காளத்துப் பெண்கள் அவற்றை அடுக்கி, சேலைக் கரையிலிருந்தே உருவிய நூலால் ஓட்டுத் தையல் போட்டு ‘காந்தா’ விரிப்பாக்குகிறார்கள். தையல் வகுப்பில் நாம் முதன்முதலில் கற்கும் அதே ஓட்டுத் தையல்தான். தம்பிகளுக்கும் வரும், கற்றுக்கொடுக்கலாம்.

பழைய பட்டுச் சேலையின் கதைதான் வேறு. ‘பழைய பட்டு, பழைய ஜரிகை வாங்குறது!’ என்ற குரல் எங்கள் தெருவில் அடிக்கடி கேட்கும். வந்தவர் ஜரிகையை நகத்தால் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா என்று பார்ப்பார். தெரிந்தால் அசல் வெள்ளி ஜரிகை. எடைக்கு விலை சொல்வார். அவர் வாங்கும் சேலைகள் நெருப்பில் வெந்து வெள்ளியாகிவிடும். 2025-ல் வெள்ளி விலை ஏறிய ஏற்றத்தில், பெட்டியைத் திறந்து பார்க்காத வீடு குறைவு. மடிப்பில் இற்றுப்போன சேலையை இனி உடுத்த முடியாது. பள்ளிக் கட்டணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ பணம் வேண்டும். அந்த நேரத்தில் அம்மா அதை விற்றால் குறை சொல்ல எங்களுக்கு வாய் வராது.

ஆனாலும் ஒன்று கேட்கிறோம். விற்பதற்கு முன், கரையும் உடலும் சேருமிடத்தில் ஒரு சாண் துண்டை வெட்டி எடுத்துக்கொள்ளக் கூடாதா? எடையில் அது பெரிதாகக் குறையாது. தாழம்பூ ரேக்கு, உருத்திராட்சம், அன்னம், யாளி என்று ஒவ்வொரு சேலைக்கும் ஒரு கரை. அரக்கு, மயில் கழுத்து, கத்தரிப்பூ என்று நிறங்கள். 2005-ல் புவிசார் குறியீடு பெற்ற பட்டு இது. ஆனால் அதை நெய்யும் வீட்டுச் சுவரைப் பாருங்கள். நாங்கள் பார்த்த வீடுகளில், யாரோ ஒரு நடிகை பட்டுடுத்திச் சிரிக்கும் கடைக் காலண்டர்தான் தொங்குகிறது. அவள் உடுத்தியிருப்பது இந்தத் தெருவிலேயே நெய்ததாகவும் இருக்கலாம். நெய்தவர் வீட்டில் காட்டுவதற்கு ஒரு சாண் பட்டு கிடையாது. எங்களுக்கு இது சரியாகப் படவில்லை. அலங்காரம் என்று இத்தனை நேரம் பேசியதில், பெற்றோரிடம் உண்மையாகவே கேட்க விரும்புவது இந்த ஒரு சாண் துண்டைத்தான்.

செய்முறை சிறிது. கெட்டி அட்டையின் மேல் வெள்ளைப் பருத்தித் துணியை இழுத்துத் தைத்து, அதன் மேல் பட்டுத் துண்டை ஓரங்களில் மட்டும் நூலால் பிடிக்க வேண்டும். பசை தடவக் கூடாது. கறை ஏறிப் பட்டு விறைத்துவிடும். பழைய படச் சட்டம் எந்த வீட்டிலும் ஒன்று இருக்கும். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்ளலாம். வெயில் நேரே படாத சுவரில் மாட்டவேண்டும், இல்லையேல் நிறம் வெளுக்கும். ஒரு மணி நேர வேலை. பிறகு வருடத்துக்கு ஒருமுறை கண்ணாடியைத் துடைத்தால் போதும்.

அட்டையின் பின்புறம் சேலையின் நிறம், கரையின் பெயர், நெய்த ஆண்டு, நெய்தவர் பெயர் எல்லாம் எழுதி வையுங்கள். கோர்வைக்கு மறுபக்கம் அமர்ந்து நாடா வாங்கி விட்டவர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். பேனா மை ஊறிப் பட்டில் இறங்கும். பென்சிலால் எழுதுவதே நல்லது.