ஆபரேஷன் முடிஞ்சா காது கேட்டுடுமா?

கண்ணாடி போட்டதும் போர்டு தெளிவாகத் தெரியும். காக்ளியர் இம்ப்ளான்ட்டையும் பலர் அப்படித்தான் நினைக்கிறாங்க. ஆபரேஷன் பண்ணா மறுநாளே கேட்டுடுமாம். இன்ஜினியரிங் படிக்கிற நீங்க கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்க.

நன்றாகக் கேட்கும் ஒரு காதில், ஒலியை நரம்புக்கு அனுப்பும் உள்மயிர்ச் செல்கள் சுமார் 3,500. இம்ப்ளான்ட்டில் அந்த வேலையைச் செய்யும் எலக்ட்ரோடுகள், கம்பெனியைப் பொறுத்து, 12 முதல் 22 வரைதான். காதுக்குப் பின்னால் மாட்டும் பிராசஸர் சத்தத்தை அலைவரிசை வாரியாகப் பிரித்து அனுப்புகிறது. நாம சிக்னல் பிராசசிங்ல படிச்ச அதே ஃபில்டர் பேங்க்தான். இப்படி வர்ற சத்தம் மூளைக்குப் புது பாஷை. அதைக் கத்துக்கணும்.

எப்படி? சத்தம் வந்ததா இல்லையான்னு கவனிப்பது முதல் படி. வந்தது மணியா, நாய் குரைப்பான்னு பிரிப்பது அடுத்தது. பிறகு 'கல்'லா 'கால்'ஆன்னு சொல்லை அடையாளம் காண்பது. அப்புறம்தான் பேச்சு புரியும். போதாததுக்கு நம்ம தமிழ்ல கலை, களை, கழைன்னு மூணு இருக்கு! மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் தினமும் செய்யவேண்டிய பயிற்சி இது.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில், 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு லட்சக்கணக்கில் செலவாகும் இந்த ஆபரேஷன் இலவசம். மனசாரப் பாராட்டணும். ஆனா அதுக்கு அப்புறம்? செஞ்சிப் பக்கம் சீயமங்கலத்தை எடுத்துக்கோங்க. மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோயில் இருக்கிற ஊர். அங்கே ஒரு குழந்தைக்கு இம்ப்ளான்ட் வெச்சா, பயிற்சிக்கு ஒவ்வொரு முறையும் வெளியூருக்கு பஸ் ஏறணும். அம்மா கூலி வேலைக்குப் போறவங்கன்னா ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் சம்பளம். அப்படியே பயிற்சி நின்னுபோனா, லட்சக்கணக்கான ரூபாய் கருவி வெறும் சத்தத்தை மட்டும்தான் தரும்.

அதனால என் கருத்து இதுதான்: ஆபரேஷனுக்குக் கொடுக்கும் அதே முக்கியத்துவத்தைப் பயிற்சிக்கும் கொடுக்கணும். அங்கன்வாடி, ஆரம்ப சுகாதார நிலையம் வரைக்கும் அது வரணும். பெற்றோருக்கும் சொல்லிக்கொடுக்கணும். 1969-ல் சென்னையில் தொடங்கின பாலவித்யாலயா, சின்னக் குழந்தைகளோடு பெற்றோரையும் சேர்த்துத்தான் பயிற்றுவிக்குது. வீட்டில் சமைக்கும்போதும் குளிப்பாட்டும்போதும் பேசிக்கிட்டே இருப்பதும் பயிற்சிதானே?

நமக்கும் வேலை இருக்கு. ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுறீங்களா? கல், கால், மணின்னு தமிழ்ச் சொற்களை வெச்சு, நெட் இல்லாமலும் ஓடுற ஒரு கேட்டல் பயிற்சி ஆப் செய்யலாமே. கிளாஸ் வீடியோக்களுக்கு சப்டைட்டில் போடலாம்.

இம்ப்ளான்ட் வேண்டாம், சைகை மொழியே போதும்னு இருப்பவங்களும் உண்டு. அது அவங்க முடிவு, மதிப்போம்.

கேன்டீன் இரைச்சலில், நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினா இம்ப்ளான்ட் வெச்சவங்களுக்கு ரொம்பக் கஷ்டம். முகம் பார்த்து, ஒவ்வொருத்தரா பேசுங்க. "என்ன சொன்னே?"ன்னு கேட்டா, "ஒண்ணுமில்ல, விடு"ன்னு மட்டும் சொல்லாதீங்க. இன்னொரு தடவை சொல்லுங்க.