சீமானின் பந்தயமும் தொழிலாளியின் சம்பளமும்

சூதாட்ட ஒழுங்குமுறை அதிகாரசபையை அமைப்பதற்கான சட்டமூலம் 2025 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பாராளுமன்றத்தில் நிறைவேற்றப்பட்டது. அதையொட்டி எழுந்த பேச்சு கொழும்பின் கசினோக்களையும் இணையவழிச் சூதாட்டத்தையும் சுற்றியே நின்றது. சிறு நகரங்களில் குதிரைப் பந்தயத்திற்குப் பணம் பிடிக்கும் 'புக்கி' நிலையங்களைப் பற்றி அதிகம் பேசப்படவில்லை. பதுளை மாவட்டத்துத் தோட்ட மக்களைப் பொறுத்தவரை அவையே கைக்கெட்டும் தூரத்தில் உள்ள ஆபத்து என்பதால், இத்தொழிலின் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்பது அவசியமெனக் கருதுகின்றோம்.

இங்கிலாந்தில் 1886 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு, 1902 முதல் 'லாட்புரோக்ஸ்' என்ற பெயரில் இயங்கிய நிறுவனம், லண்டனின் பிரபுக்களுக்கும் சீமான்களுக்குமே பந்தயம் பிடித்தது. கையில் காசு வாங்காமல், கனவான்களின் வாக்கை நம்பிக் கடன் கணக்கில் நடத்தப்பட்ட அத்தொழிலுக்குச் சட்டம் தடை விதிக்கவில்லை. ஆனால், தெருவோரத்தில் சில்லறைக் காசு கட்டிய தொழிலாளியை 1906 ஆம் ஆண்டின் சட்டம் குற்றவாளியாக்கியது. ஒரே செயல், சீமானுக்குப் பொழுதுபோக்கு, ஏழைக்குக் குற்றம்.

1956 இல் அந்நிறுவனம் சிரில் ஸ்டைன் குடும்பத்தினரின் கைக்கு மாறியது. 1960 ஆம் ஆண்டின் சட்டத்தையடுத்து, 1961 மே மாதம் முதல் பந்தயக் கடைகள் தெருவுக்குத் தெரு திறக்கப்பட்டன. சீமான்களை மட்டும் நம்பியிருந்த நிறுவனம், சாதாரண மக்களின் பணத்திலேயே பெருவணிகமாக வளர்ந்தது.

இலங்கைக்குக் குதிரைப் பந்தயத்தைக் கொண்டுவந்தோரும் ஆங்கிலேயரே. துரைமார் கூடிய நுவரெலியாப் பந்தயத் திடல் இன்றும் ஏப்ரல் வசந்தகாலத்தில் களைகட்டுகின்றது. எனினும் நமது புக்கிகளில் பெரும்பாலும் கட்டப்படுவது இங்கிலாந்தில் ஓடும் குதிரைகள் மீதே. அங்கு பிற்பகல் 2 மணிக்கு ஓடும் குதிரை, இங்கு கோடையில் மாலை 6.30 மணிக்கும் குளிர்காலத்தில் 7.30 மணிக்கும் ஓடுகின்றது. கொழுந்து நிறுத்து முடிந்து, தொழிலாளி லயத்திற்குத் திரும்பிய பின்னரான நேரம் அது. தான் ஒருபோதும் காணாத குதிரையின் மீது, மனைவி மழையில் நனைந்து பறித்த கொழுந்தின் கூலி கட்டப்படுகின்றது.

தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவை எட்டுவதற்கு 2021 ஆம் ஆண்டு வரை போராட வேண்டியிருந்தது. 2024 இல் அது 1,350 ரூபாவாக உயர்த்தப்பட்டது. இத்தனை பாடுபட்டுப் பெற்ற உயர்வு, சம்பள நாளன்றே புக்கி மேசைக்குப் போகுமாயின், கடைக்கடனும் வட்டியுமே வீட்டில் எஞ்சும்.

திருக்குறள் சூதுக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியுள்ளது. திருக்குர்ஆன் மதுவையும் சூதையும் ஒருசேர விலக்கியுள்ளது. நம் இரு சமூகங்களுக்கும் இதில் கருத்து வேறுபாடில்லை. ஆயினும் அறிவுரையினால் மாத்திரம் இது நின்றுவிடாது என்பதையும் நாம் அறிவோம். முழுத் தடையும் தீர்வாகாது. 1906 இன் சட்டம் பந்தயத்தை ஒழிக்கவில்லை, மறைவிடத்திற்கே அனுப்பியது.

1988 ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அரசு இத்தொழிலிடமிருந்து வரி அறவிட்டு வருகின்றது. கசினோவுக்குள் நுழையும் உள்நாட்டவரிடம் டொலர் கணக்கில் நுழைவுக் கட்டணமும் பெறப்படுகின்றது. வசதி படைத்தவனின் வாசலில் இப்படியொரு தடுப்பு உண்டு. ஏழை நுழையும் புக்கியின் வாசலில் எதுவுமில்லை.

சமூகத் தீங்கைக் குறைப்பது புதிய அதிகாரசபையின் நோக்கங்களில் ஒன்றாகும். அது வெறும் எழுத்தாக நின்றுவிடலாகாது. தோட்டங்களுக்கும் பாடசாலைகளுக்கும் அருகில் பந்தய நிலையங்களுக்கு அனுமதி வழங்கப்படக் கூடாது. கடனுக்குப் பந்தயம் பிடிப்பதும், ஆள் வைத்து லயங்களில் துண்டு எழுதுவதும் தண்டிக்கப்பட வேண்டும். மாவட்டவாரியாக அனுமதிப்பத்திரங்களின் விபரம் பகிரங்கப்படுத்தப்பட வேண்டும். சம்பளத்திற்காகக் குரல் கொடுக்கும் மலையகத் தலைமைகள், அச்சம்பளம் வீடு போய்ச் சேர்வதற்காகவும் குரல் கொடுக்க முன்வர வேண்டும் என்பதே நமது வேண்டுகோளாகும்.